மண்ணெண்ணெய்க் காரும் நைட்ரஸ் காரும்

பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினுக்கு வேறொன்றை ஊட்டி ஓட்டுவது நம் நாட்டுத் தமிழருக்குப் புதிதில்லை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் பெற்றோல் போவது நின்றது. ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரைக்கும் எரிபொருள் தாராளமாகப் போகவில்லை. சாவடிகளில் கட்டுப்பாடு இருந்தது. கடலுக்குப் போகிற பைபர் படகுகளின் எஞ்சின்களோ போருக்கு முன்னும் பின்னும் பெரும்பாலும் மண்ணெண்ணெயையே குடித்து வருகின்றன.

இன்று காருக்கு நைட்ரஸ் பூட்ட ஆசைப்படுகிற இளைஞரிடம் இந்தப் பழைய கதையைச் சொன்னால், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்கள். தொடர்பு எஞ்சினுக்குள் இருக்கிறது. இரண்டிலும் எரிகிற கலவை மாறுகிறது, பிஸ்டனும் சிலிண்டரும் மாறவில்லை. இரண்டிலும் எஞ்சினைக் கொல்ல வருவது ஒன்றுதான்: மெக்கானிக்மார் 'தட்டுது' என்று சொல்கிற அந்தச் சத்தம். பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மூலையில் மிஞ்சிய கலவை தானாக வெடித்துப் பிஸ்டனில் அறைவதுதான் தட்டல்.

மண்ணெண்ணெயை முதலில் பார்ப்போம். பெற்றோல் சாதாரண வெயிலிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் கொதிக்க ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது துளித்துளியாகவே உள்ளே போகும், பற்றாது. அதனால்தான் சிறு போத்தலில் பெற்றோலைக் காத்து வைத்து, கார்பரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, கார்பரேற்றர்க் கிண்ணத்தில் பெற்றோல் நிற்கும்படி விட்டால்தான் அடுத்த நாள் எடுபடும். படகு எஞ்சினுக்கும் இதே முறைதான். கரையில் பெற்றோலில் எடுத்து, ஓடத் தொடங்கியதும் பெரிய கானுக்கு மாற்றுவார்கள். பிரித்தானியாவில் உழவு இயந்திரங்களுக்கு இதற்கென்றே தனி எண்ணெய் விற்றார்கள். பெர்குசன் நிறுவனம் அதற்காக அமுக்க விகிதத்தைக் குறைத்து, காற்றுக்குழாயைப் புகைக்குழாயின் சூட்டில் வைத்துத் தனி மாதிரியே செய்தது. ஏ-40 அப்படிச் செய்த வண்டியன்று. அதன் அமுக்க விகிதம் 7க்குச் சற்று மேல். இன்றைய கார்களோடு பார்த்தால் அது குறைவு, மண்ணெண்ணெய்க்கோ கூடுதல். ஏற்றத்தில் தட்டும். சாவியைத் திருப்பி நிறுத்தினாலும் சற்று நேரம் எஞ்சின் தானாக உதறிக்கொண்டு ஓடும்.

நைட்ரஸ் இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து வருகிறது. நைதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று சேர்ந்த வாயு அது. வைத்தியசாலையில் மயக்கம் கொடுக்கப் பயன்படுவதும் அதுவே. எடைப்படி காற்றில் ஒட்சிசன் 23 வீதம், நைட்ரஸில் 36 வீதம். ஏறத்தாழ 300 பாகைச் சூட்டில் அது பிரிந்து ஒட்சிசனை விடுகிறது. அந்த ஒட்சிசனுக்கு ஈடாகப் பெற்றோலையும் கூட்டிக் கொடுத்தால் கூடுதல் வலு கிடைக்கும். வலு கொடுப்பது பெற்றோல். நைட்ரஸ் தன்பாட்டில் எரிவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் ஜி.எம்.-1 என்ற பெயரில் போர் விமானங்களுக்கு இதைப் பூட்டினார்கள். காற்று மெலிந்த உயரத்தில் எஞ்சின் மூச்சுத் திணறாமலிருக்க அது உதவியது.

மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும் என்றேன். நைட்ரஸ் குளிரோடு வருகிறது. போத்தலில் திரவமாக இருப்பது குழாய்முனையில் ஆவியாகும்போது உள்ளே போகிற காற்றைக் குளிர்வித்து அடர்த்தியாக்கும். முனையில் உறைபனி படிவதைக் கண்ணாலேயே காணலாம். இவ்வளவு தூரம் விலகி நிற்கிற இரண்டும் ரைமிங்கில், அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தில், வந்து ஒரே இடத்தில் சேர்கின்றன. மண்ணெண்ணெய் எளிதில் தட்டும் என்பதால் அன்று டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பித் தீப்பொறியைப் பின்தள்ள வேண்டியிருந்தது. நைட்ரஸ் கலவை வேகமாக எரிந்து அழுத்தத்தை ஏற்றும் என்பதால் இன்றும் பின்தள்ள வேண்டும். கூட்டுகிற ஒவ்வொரு 50 குதிரைவலுவுக்கும் 2 பாகை என்பது பொதுவான தொடக்கக் கணக்கு. இப்போதைய கார்களில் திருப்ப டிஸ்ரிபியூற்றர் கிடையாது. எஞ்சின் கணினியிலோ தனியாகப் பூட்டும் ரைமிங் பெட்டியிலோ அதைச் செய்ய வேண்டும். பிளக்கும் ஒரு படி குளிர்ந்ததாக இருக்க வேண்டும், அதன் இடைவெளியைக் குறைக்க வேண்டும். பெற்றோல் 95 ஒக்ரேன் போடுவதே அறிவு. 92இல் நைட்ரஸ் பாவிப்பவர் சேமிக்கிற காசைவிடப் பிஸ்டனுக்குக் கொடுக்கிற காசு கூட.

பூட்டும் முறை இரண்டு. ஒன்றில் நைட்ரஸும் மேலதிகப் பெற்றோலும் ஒரே முனையில் கலந்து உள்ளே போகும். மற்றதில் முனை நைட்ரஸை மட்டும் விடும். பெற்றோலைக் கூட்டிக் கொடுப்பது காரின் இன்ஜெக்டர். வீதியில் ஓடுகிற கார்களுக்கு முதல் முறையே மேல் என்பது என் எண்ணம். முனைக்கு நைட்ரஸையும் பெற்றோலையும் அளந்து விடுகிற இரண்டு ஜெற்றுகளின் துளையை ஒப்பிட்டே கலவை எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம். திருத்துவதும் ஜெற்றை மாற்றுகிற வேலைதான். நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு 35 அல்லது 50 குதிரைவலுவோடு தொடங்குவது போதும். அக்சிலேற்றர் முழுக்க மிதிபட்டால் மட்டும் இணைகிற சுவிட்ச், 3000 சுற்றுக்குக் கீழே திறக்க விடாத சுவிட்ச், பெற்றோல் அழுத்தம் விழுந்தால் நைட்ரஸை வெட்டுகிற சுவிட்ச் ஆகிய மூன்றையும் பூட்டாமல் போத்தலைத் திறக்கவே கூடாது.

இந்தச் சுவிட்சுகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதில்தான் இரண்டு கார்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இருக்கிறது. மண்ணெண்ணெய் மெல்லக் கொல்லும். எரியாத துளிகள் சிலிண்டர்ச் சுவரைக் கழுவி ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் குறைய வேண்டிய மட்டம் ஏறியிருக்கும். விரலில் தொட்டால் தண்ணீராய் ஓடும், மணம் காட்டிக்கொடுக்கும். தட்டல் காதில் விழுந்ததும் கியரைக் குறைத்து, மிதியைத் தளர்த்தி வீடு சேரலாம். இப்படி அந்தத் தலைமுறை மெக்கானிக்மார் ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினிடமே படித்தார்கள். நைட்ரஸ் அந்த அவகாசம் தராது. பெற்றோல் ஒரு கணம் பின்தங்கினால் பிஸ்டனின் ஓரம் உருகிவிடும். புகைக்குழாய் இரைச்சலுக்குள் தட்டல் காதுக்கு வந்து சேருமுன் வேலை முடிந்திருக்கும். காது செய்த வேலையை இங்கே முன்கூட்டியே சுவிட்சுக்கும் ஜெற்றுக்கும் கொடுத்துவிட வேண்டும். மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவரின் காதை நான் பெரிதாக மதிக்கிறேன். நைட்ரஸ் காரில் அந்தக் காதை மட்டும் நம்பி ஏற வேண்டாம் என்று அவரிடமே சொல்வேன்.

மட்டக்களப்பு வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நைட்ரஸ் பற்றிய கைநூல்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. போத்தலுக்குச் சூடாக்கும் உறை சுற்றச் சொல்கின்றன. நமக்கு வேண்டியது நிழல். நைட்ரஸ் 21 பாகையில் ஏறத்தாழ 750 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இருக்கும், 30 பாகையில் 900ஐத் தாண்டும். 36.4 பாகையில் அது திரவம், வாயு என்ற பேதமே இழக்கிறது. அதற்கு மேல் அழுத்தம் விரைந்து ஏறும். வைகாசி, ஆனி வெயிலில் கல்லடியிலோ காத்தான்குடியிலோ மத்தியானம் நிறுத்திய காரின் டிக்கி அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். ஜெற்றுத் துளைகளின் கணக்கெல்லாம் 900 முதல் 950 பி.எஸ்.ஐ. வரை வைத்துப் போட்டது. அழுத்தம் கூடினால் நைட்ரஸ் கூடப் போகும், பெற்றோல் அதே அளவில் நிற்கும். எரிகிற சூடு ஏறும். அழுத்தமானி கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். போத்தலை மட்டத்துக்கு மேல் நிரப்ப விட வேண்டாம். அழுத்தம் அளவு மீறினால் உடைந்து வாயுவை விடுகிற தகட்டின் குழாய், காருக்கு வெளியே போக வேண்டும். போத்தலைச் சாய்த்துப் பூட்டும்போது வால்வு முன்பக்கம், பெயர் ஒட்டிய பக்கம் மேலே: உள்ளே இருக்கிற உறிஞ்சுகுழாய் பின்பக்க அடியை நோக்கி வளைந்திருக்கிறது, வேகமெடுக்கும்போது திரவமும் அங்கேதான் ஒதுங்கும்.

செலவைப் பார்த்தால் நியாயம் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியபோது கடலுக்குப் போகிற குடும்பங்கள் நிலைகுலைந்தன. அந்தப் படகு எஞ்சின் சோற்றுக்கு ஓடுகிறது. நாலரைக் கிலோப் போத்தல் நைட்ரஸ், 50 குதிரைவலு அளவில் மொத்தம் மூன்று நிமிடம் வரும். அந்த மூன்று நிமிடத்தை மாடு குறுக்கே படுக்கிற திருகோணமலை வீதியிலோ, பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற கல்லடிப் பாலத்திலோ செலவழிக்க எவருக்கும் உரிமையில்லை. கட்டுக்குருந்த ஓடுபாதைப் பந்தயம் போல் வேலியும் அம்புலன்சும் நிற்கிற இடத்துக்குக் காரைக் கொண்டுபோக வேண்டும். வைத்தியசாலைச் சிலிண்டரிலிருந்து எடுத்துப் பாவிக்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்கவும் வேண்டாம். அது நோயாளியின் பங்கு.

முதல் ஓட்டத்தை நைட்ரஸ் இல்லாமல் ஓடுங்கள். அடுத்ததை ஆகச் சிறிய ஜெற்றோடு, பெற்றோல் பக்கம் சற்றுக் கூடுதலாக வைத்து, மூன்றாம் கியரில் சில வினாடி மட்டும். முழு வலுவில் ஓடும்போதே எஞ்சினை நிறுத்தி, கிளச்சை மிதித்து ஓரம் ஒதுங்கி, நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மண்ணெண்ணெய்க் காரில் பிளக் ஈரக் கரியாக வரும். துடைத்துப் போட்டு மறுபடி ஓடலாம். நைட்ரஸ் காரில் வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். சுத்தமாக, இலேசான கபில வளையத்தோடு இருந்தால் அடுத்த ஜெற்றுக்குப் போகலாம். மிளகுத்தூள் அளவில் கரும்புள்ளி இருந்தால் தட்டியிருக்கிறது; ரைமிங்கை இன்னும் 2 பாகை பின்தள்ளுங்கள். வெள்ளிநிறத் துகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். போத்தல் வால்வை மூடி, அன்றைக்குக் காரை வேறொரு வண்டியில் கட்டி இழுத்துப் போங்கள்.