பொம்மையைக் கவிழ்த்துப் பார்

ஏற்காடு போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமான பதிவுதான். கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் முழுதாகப் படிக்கவும்!

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் 'எஸ்டேட் சேல்' என்று சொல்வார்கள். ஒருவர் காலமான பிறகோ, வீட்டைக் காலி செய்யும்போதோ, வீட்டுச் சாமான் மொத்தத்தையும் அந்த வீட்டிலேயே வைத்து விற்பதற்கு அங்கே அந்தப் பெயர். பழைய பொம்மை சேகரிப்பவர்கள் விடிவதற்குள் போய் வாசலில் நிற்பார்களாம். ஏற்காட்டில் எஸ்டேட் என்றால் காபித் தோட்டம். தோட்டம் கைமாறும்போது பங்களாச் சாமானும் விலைக்கு வரும். ஆக, இங்கே நடப்பது இரண்டு அர்த்தத்திலும் எஸ்டேட் சேல்தான்.

இந்த மலைக்குச் சீமைப் பொம்மை எப்படி வந்தது? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபிப் பயிரைக் கொண்டுவந்தார். பின்னாலேயே துரைமார்கள் தோட்டமும் பங்களாவுமாகக் குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் ஏழெட்டு வயதிலேயே படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிடுவார்கள். பொம்மை மட்டும் பங்களாவில் தங்கிவிடும். சுதந்திரத்துக்குப் பிறகு பல தோட்டங்கள் நம்மவர் கைக்கு வந்தன. வீட்டோடு சாமானும், சாமானோடு பொம்மைப் பெட்டியும் வந்தன.

இந்தத் தை மாதம் அப்படி ஒரு பங்களா காலியாகிறது என்று பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "டீச்சர், கட்டில் பீரோவெல்லாம் காரைக்குடி வியாபாரிங்க எடுத்துக்குவாங்க. ஒரு தகரப் பெட்டி நிறைய பொம்மை கிடக்குதுங்க. நீங்க ஒருக்கா வந்து பாருங்க" என்றான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சேர்ந்தேன்.

வகுப்பில் பழைய காசைக் காட்டும்போது, "முதலில் திருப்பிப் பார்" என்று சொல்வேனே, நினைவிருக்கிறதா? பொம்மைக்கும் அதே பாடம்தான். கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படிக்க வேண்டும்.

முதலில் கையில் வந்தது ஒரு குட்டி லாரி. அடியில் டிங்கி டாய்ஸ், மெக்கானோ லிமிடெட் என்று இருந்தது. லிவர்பூல் நகரில் ஃபிராங்க் ஹார்ன்பி தொடங்கிய கம்பெனி அது. 1934இல்தான் டிங்கி என்ற பெயரே வந்தது. லாரியின் உடம்பு முழுக்க விரிசல்; தொட்டால் துண்டாக உதிர்ந்தது. அது யாரும் போட்டு உடைத்ததல்ல. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் சேர்ந்துவிட்டால், பல வருடம் கழித்து உலோகம் தானாகவே வெடித்து உதிரும். போருக்கு முந்தைய டிங்கி வண்டிகளுக்கு அடிக்கடி வரும் நோய் இது. மருந்தே கிடையாது.

அடுத்தது சாவி கொடுத்தால் தத்தும் தகரக் குருவி. அடியில் 'ஆக்குபைடு ஜப்பான்' என்ற முத்திரை. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானை நேச நாட்டுப் படை ஆண்டுகொண்டிருந்தபோது, 1947 முதல் 1952 வரை ஏற்றுமதிப் பொருள்களில் போட்ட முத்திரை அது. நம் நாடு விடுதலை பெற்ற வருடத்தில், இன்னொரு நாட்டின் அடிமைச் சீட்டு ஒரு குருவியின் வயிற்றில்!

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 'நிக்கி டாய்ஸ்' மினிபஸ். 1950களின் கடைசியில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுக்கப்பட்டது. சீமைப் பொம்மை வரத்தும் சுருங்கியது. 1960களின் இறுதியில் கல்கத்தாவின் எஸ். குமார் கம்பெனி, டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கி நிக்கி என்ற பெயரில் வார்த்தது. அட்லஸ் வேனுக்கான அச்சு இங்கே 'ஸ்டாண்டர்டு 20' ஆனது. அசல் ஸ்டாண்டர்டு 20 வண்டியைத் தயாரித்தது நம் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. ஆக லிவர்பூல் அச்சு, கல்கத்தா வார்ப்பு, மெட்ராஸ் வண்டி, ஏற்காட்டுப் பிள்ளை. லிவர்பூல் தொழிற்சாலையோ 1979இல் மூடப்பட்டுவிட்டது. 2001 ஏப்ரல் 1 அன்று நம் நாடு இறக்குமதித் தடைகளின் கடைசிப் பகுதியையும் நீக்கியது. அதன்பின் சீனப் பிளாஸ்டிக் வந்து குவிந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

ஆனால் அடிப்பக்கம் சொல்லாத ஒன்று உண்டு. இதை வைத்து விளையாடியது யார்?

அது அந்த வீட்டு வேலைக்கார அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எழுபதைத் தாண்டியவர். அவருடைய தாயார் அதே பங்களாவில் ஆயாவாக இருந்தவராம். குருவியைப் பார்த்ததும், "இது பெரிய பாப்பாவோடதுங்க. சாவி தொலைஞ்சு போயி மூணு நாள் அழுதுச்சு" என்றார். "நீங்க எதை வெச்சு விளையாடுனீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "தொரை வூட்டு பூட்ஸ் பாலிஷ் டப்பா மூடி நாலு, ஒரு மீன் டப்பா, ரெண்டு குச்சி. அதுதாங்க எங்க காரு. மழைக்காலம் முடியறதுக்குள்ள துருப்பிடிச்சுப் போயிரும்."

அந்தக் காரை எந்த ஏலத்திலும் வாங்க முடியாது. காபி பறித்த கைகளின் பிள்ளைகள், மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள், இவர்கள் செய்த வண்டியிலும் உருட்டிய வளையத்திலும் ஆடிய ஏழாங்கல்லிலும் கம்பெனி முத்திரை இல்லை. எடுத்து வைக்கப் பரணும் இல்லை. பங்களாப் பொம்மை நிலைத்தது உலோகத்தின் பலத்தால் மட்டுமல்ல. எடுத்துவைக்க அந்த வீட்டில் இடம் இருந்ததாலும்தான்.

வியாபாரி அட்டைப்பெட்டியோடு இருந்தவற்றைத் தனியாகப் பிரித்தார். அசல் பெட்டி இருந்தால் விலையே வேறு. மற்றவற்றை எடை போடச் சொன்னார். அந்த நிமிடத்தில் வீட்டிலிருந்து பொம்மை பிரிகிறது. யாருடையது என்ற சேதியும் அதோடு போய்விடுகிறது. நான் மினிபஸ்ஸையும் குருவியையும் விலை கொடுத்து வாங்கினேன். அந்த அம்மா சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு, குருவியோடு வைத்தேன். பாலிஷ் டப்பா காரையும் அவர் சொல்லச் சொல்லப் படமாக வரைந்துகொண்டேன்.

வீட்டில் பழைய பொம்மை இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்:

1. புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். தகரப் பொம்மையைத் தண்ணீரில் கழுவாதீர்கள். காய்ந்த மெல்லிய துணி போதும்.

2. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பேரப்பிள்ளை வாயில் வைக்கக் கொடுக்க வேண்டாம்.

3. கிழிந்த அட்டைப்பெட்டியையும் எறியாதீர்கள்.

4. நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள் என்றால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

5. விற்பதானால் தாராளமாக விற்கலாம். அதற்கு முன் யார் வாங்கிக் கொடுத்தது, யார் விளையாடியது, எந்த ஊர் என்று நாலு வரி எழுதி வையுங்கள்.

பொம்மையே இல்லாத வீடுகளுக்குத்தான் இந்த ஐந்தாவது முக்கியம். உங்கள் அப்பத்தா, அம்மாயி, தாத்தா எதை வைத்து விளையாடினார்கள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.