இடைச்செருகலைத் தேடிய ஒருவர்

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிடுகையில் இடைச்செருகல் எது, செருகிய கை எது என்று தேடுகிறோம். இணையத்தில் அப்பணியைச் செய்தவர் அமெரிக்க ஆய்வாளர் ரெனே டிரெஸ்டா. 2015-இல் கலிஃபோர்னியத் தடுப்பூசிச் சட்டத்தை எதிர்த்த சிலர் இணையத்தில் பெருங்கூட்டம்போல் தோன்றியதைக் கண்டு இத்துறைக்கு வந்தார்.

2018-இல் செனட் குழுவுக்காக அவர் முன்னின்று எழுதிய அறிக்கை, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ரஷ்ய நிறுவனமொன்றின் சூழ்ச்சியை விரித்துரைத்தது. கறுப்பின அமெரிக்கராக வேடமிட்ட போலிக் கணக்குகள் அம்மக்களையே மிகுதியும் குறிவைத்தன. அவர்தம் மெய்யான மனக்குறையே தூண்டிற்புழுவாயிற்று.

2019-இல் ஸ்டான்ஃபோர்டு இணைய ஆய்வகத்தில் சேர்ந்தார். பின்னர் அவரையே தணிக்கைக்காரர் எனப் பழித்தனர். வழக்குகளும் நாடாளுமன்ற விசாரணையும் தொடர்ந்தன. 2024-இல் பல்கலைக்கழகம் அவரது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

செருகிய கையைச் சுட்டியவருக்கு நேர்ந்தது இது. ஆயினும் அவர் காட்டிய பாடம் நிற்கிறது: மெய்யான புண் ஆறாதவரை, அதன்மீது பொய் வந்து மொய்க்கும் என்பதை நாம் மறத்தலாகாது.