புகைப்பந்து வாங்கிய பெண்ணும் 100 பவுண் வாக்குறுதியும்

"திருப்தி இல்லையென்றால் முழுக் காசும் திருப்பித் தரப்படும்." முகநூல் கடைகளில் தினமும் பார்க்கிற வசனம். சாமான் வந்த மறுநாளே பழுதாகிவிட்டால், அதே கடைக்காரர் வட்ஸ்அப்பில் நமது மெசேஜைப் பார்ப்பார், பதில் மட்டும் வராது. நான்கு தடவை கேட்டுவிட்டு, "போனது போகட்டும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

அப்படி விட்டுவிடாத ஒரு பெண்ணின் வரலாறு இது. நடந்த இடம் லண்டன், காலம் 1891.

அந்த நாட்களில் ஐரோப்பாவை இன்புளுவென்சா உலுக்கிக்கொண்டிருந்தது. 1889இல் பரவத் தொடங்கிய அந்தத் தொற்று அலை அலையாகத் திரும்பி வந்தது. விக்டோரியா மகாராணியின் பேரன் இளவரசர் அல்பேர்ட் விக்டரே 1892 ஜனவரியில் அதற்குப் பலியானார். நோய் பரவினால் பயம் பரவும், பயம் பரவினால் வியாபாரம் பெருகும். கொரோனாக் காலத்தில் பாணி வாங்க வரிசையில் நின்ற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கார்போலிக் ஸ்மோக் போல் என்ற கம்பனி ஒரு இறப்பர் பந்தை விற்றது. உள்ளே கார்போலிக் தூள். குழாயை மூக்கில் வைத்துப் பந்தை அமுக்கினால் புகைபோலத் தூள் ஏறும். விலை 10 ஷிலிங். 1891 நவம்பரில் பத்திரிகையில் விளம்பரம் வந்தது: சொன்னபடி தினம் மூன்று தடவை, இரண்டு வாரம் பாவித்த பிறகும் இன்புளுவென்சா வந்தால் 100 பவுண் தருவோம். நாங்கள் விளையாடவில்லை என்பதற்கு அடையாளமாக 1000 பவுண் வங்கியில் வைப்பிலிட்டிருக்கிறோம்.

100 பவுண் என்பது பந்தின் விலையைப்போல 200 மடங்கு!

லூயிசா எலிசபெத் கார்லில் என்ற பெண் நவம்பர் 20ஆம் திகதி ஒரு பந்து வாங்கினார். இரண்டு வாரம் அல்ல, கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஒழுங்காகப் பாவித்தார். 1892 ஜனவரி 17ஆம் திகதி அவருக்கு இன்புளுவென்சா வந்தது.

அவரது கணவர் ஒரு சட்டத்தரணி. கம்பனிக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அதற்கும் இல்லை. மூன்றாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது, அதிலும் கையொப்பம் இல்லை. பொய்க் கோரிக்கைகளைத் தடுக்க வேண்டுமாம், அதனால் அவர் தினமும் கம்பனி அலுவலகத்துக்கு வந்து செயலாளருக்கு முன்னால் பந்தைப் பாவித்துக் காட்ட வேண்டுமாம். விளம்பரத்தில் இல்லாத நிபந்தனை, காசு கேட்டவுடன் முளைத்தது.

வழக்கு நீதிமன்றம் போனது. கம்பனிக்காக வாதாடியவர்களில் ஒருவர் அஸ்குவித். பின்னாளில் பிரித்தானியப் பிரதமரானவர். கம்பனியின் முக்கியமான வாதங்கள் மூன்று:

1. அது வெறும் விளம்பரப் பேச்சு, யாரும் அதை உண்மையாக எடுக்கமாட்டார்கள்.
2. உலகம் முழுவதோடும் ஒப்பந்தம் செய்ய முடியாது.
3. நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அந்தப் பெண் எங்களுக்கு அறிவிக்கவில்லை.

கம்பனி தோற்றது, மேன்முறையீடு செய்தது. 1892 டிசம்பர் 7ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: கொடுக்கத்தான் வேண்டும்.

வெறும் பேச்சு என்றால் 1000 பவுணை வைப்பிலிட்டதாக ஏன் சொன்னீர்கள்? உலகத்துக்கே வாக்குக் கொடுத்தாலும், அதில் சொன்னதைச் செய்து முடித்தவரோடு ஒப்பந்தம் உண்டாகிவிடுகிறது. காணாமற்போன நாயைக் கண்டுபிடித்தால் பரிசு என்று ஒருவர் அறிவித்தால், "நான் தேடப் போகிறேன்" என்று யாராவது முதலில் கடிதம் எழுதுவார்களா? நாயைக் கொண்டுவந்தால் போதும். நாய் உதாரணத்தைச் சொன்னவர் நீதிபதி போவன்.

இன்றும் சட்டம் படிக்கிற மாணவர்களுக்கு ஒப்பந்தப் பாடத்தில் முதலில் வருகிற வழக்குகளில் இது ஒன்று.

1893இல் இங்கிலாந்தில் பொருள் விற்பனைச் சட்டம் வந்தது. அதைப் பின்பற்றி இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. விவரணத்தைச் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. ஆனால் ஒரு கேத்தலுக்காக யார் நீதிமன்றம் ஏறுவது? அந்தக் குறையை நிரப்பத்தான் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளை விற்றால் அங்கு எழுத்தில் முறையிடலாம். விசாரித்து, நட்டஈடு கொடு, பொருளை மாற்றிக் கொடு, அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். நாம் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருந்தால் கடைக்காரர் வென்றுவிடுவார்.

கார்லில் அம்மாவின் பக்கம் இருந்தவை மூன்று: விளம்பரத்தின் வாசகம், வாங்கிய திகதி, விடாமல் எழுதிய கடிதங்கள். நமக்கு அவை ஸ்க்ரீன்ஷொட், பற்றுச்சீட்டு, எழுத்தில் அனுப்பிய கோரிக்கை. விளம்பரத்தைக் கடைக்காரர் அழிக்க முதல் ஸ்க்ரீன்ஷொட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா 1942 வரை வாழ்ந்தார். 96 வயதில் காலமானபோது, மருத்துவர் சொன்ன காரணம் முதுமை. அதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது: இன்புளுவென்சா.