தாஸ், குலாம், அடிமை: விவிலிய மொழிபெயர்ப்பும் புனேயில் எழுந்த அடிமைத்தன விவாதமும்

1. முன்னுரை

அடிமையைக் குறிக்கும் சொல் ஒரு மொழியில் எது என்னும் வினாவுக்கு விடை காண்பது அகராதியாளருக்கு எளிதாக இருக்கலாம். மறைநூலை மொழிபெயர்ப்பவருக்கோ அது அறம் சார்ந்த வினாவாகிவிடுகிறது. எச்சொல்லை அவர் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பொறுத்து, வாசகர் அடிமை முறையைக் கண்டனத்துக்குரியதாகவோ, இயல்பானதாகவோ, பக்திக்குரியதாகவோ உணர்கிறார். இவ்வுண்மையை விளக்குவதற்குப் புனே நகரின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு தக்க சான்றாக அமைகிறது. அங்கு 1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' என்னும் மராத்தி நூலை வெளியிட்டார். அந்நூலின் தலைப்புச் சொல்லை விவிலியத்தின் மராத்தி, தமிழ் வடிவங்களில் வழங்கும் சொற்களோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மூலமொழிச் சொற்கள்

பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லாகிய 'எபெத்' மிகப் பரந்த பொருளுடையது. விலைக்கு வாங்கப்பட்டவன், அரசனின் உயர் அலுவலன், இறைவனின் ஊழியன் ஆகிய மூவரையும் அது குறிக்கும். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய 'தூலோஸ்' உரோமானியச் சமூகத்தில் உடைமையாகக் கருதப்பட்ட மனிதனைக் குறித்தது. பவுல் தம்மைக் கிறிஸ்துவின் 'தூலோஸ்' என்று அழைத்துக்கொள்கிறார். எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தில் எஜமானருக்குக் கீழ்ப்படியுமாறு அறிவுறுத்தப்படுவோரும் அச்சொல்லாலேயே விளிக்கப்படுகின்றனர். பிலேமோனுக்கு எழுதிய சிறு திருமுகத்தில் ஒநேசிமு இனி எந்நிலையில் ஏற்கப்பட வேண்டும் என்பதைக் கூறுமிடத்திலும் அச்சொல்லே வருகிறது. ஆகவே, பெருமையையும் இழிவையும் ஒரே சொல் தாங்கி நிற்கிறது. மொழிபெயர்ப்பாளரின் இடர்ப்பாடு இங்குத்தான் தொடங்குகிறது.

3. ஒரே நூல், இரு தரப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிமை முறையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் விவிலியத்தையே சான்று காட்டினர். கானான் மீது கூறப்பட்ட சாபம் (ஆதியாகமம் 9), புறவினத்தாரை விலைக்கு வாங்க இசைவளிக்கும் லேவியராகமம் 25, எபேசியர் 6 ஆகியன ஆதரவாளரின் அடிப்படைகள். மனிதரைத் திருடி விற்பதைக் கொலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் யாத்திராகமம் 21:16, தப்பி வந்த அடிமையை எஜமானனிடம் ஒப்படைக்கலாகாது என்னும் உபாகமம் 23:15, கலாத்தியர் 3:28 ஆகியவற்றை எதிர்ப்பாளர் முன்வைத்தனர். இப்பூசலால் மெதடிஸ்டு திருச்சபை 1844இலும் பாப்டிஸ்டு திருச்சபை 1845இலும் பிளவுற்றன. இலண்டனில் 1807இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென அச்சிடப்பட்ட விவிலியத் தொகுப்பில் எகிப்திலிருந்து இசுரவேலர் விடுதலை பெற்ற வரலாறு நீக்கப்பட்டிருந்தது. நூலை வெட்டிச் சுருக்க வேண்டிய தேவை ஏற்பட்டதே, முழு நூலை அடிமைகள் படித்தால் யாது விளையும் என்னும் அச்சத்தைப் புலப்படுத்துகிறது.

ஆங்கில வாசகரிடையே நடந்த இவ்விவாதத்தில் மொழிபெயர்ப்பும் ஒரு தரப்பாயிற்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வடிவம் 'எபெத்', 'தூலோஸ்' ஆகியவற்றைப் பெரும்பாலும் பணியாளன் என்னும் பொருள்படும் சொல்லாலேயே பெயர்த்திருந்தது. விவிலியம் கூறுவது பணியாளரையே என்று ஒரு தரப்பினரும், அடிமைகளையே என்று மறுதரப்பினரும் வாதிடுவதற்கு அது இடமளித்தது.

4. மராத்தியில் 'தாஸ்'

மராத்தியில் புதிய ஏற்பாட்டை 1811இல் செராம்பூரில் வில்லியம் கேரி அச்சிட்டார். பின்னர் வந்த திருத்தங்களின் வழியே இன்று வழங்கும் வடிவத்தில் 'தூலோஸ்' என்பதற்குப் பெரும்பாலும் 'தாஸ்' என்னும் சொல்லே ஆளப்படுகிறது. பவுலும் 'தாஸ்', ஒநேசிமுவும் 'தாஸ்'. மூலத்தின் சொல்லொருமை இவ்வாறு காக்கப்படுகிறது. இது மொழிபெயர்ப்பின் சிறப்பு எனலாம்.

ஆயினும் இச்சொல் மராத்தியில் வெறுமையான சொல்லன்று. ஒருபுறம் அது பக்தி மரபின் உயர்ந்த சொல். இராமதாசரின் பெயரிலேயே அது உள்ளது. ஒன்பது வகைப் பக்திகளுள் 'தாஸ்ய' பக்தியும் ஒன்று. மறுபுறம் அது தரும சாத்திரத்தின் சொல். மனுநூலின் எட்டாம் அத்தியாயம் சூத்திரனை 'தாஸ்ய'த்துக்கெனவே படைக்கப்பட்டவன் என்றும், எஜமானன் விடுவித்தாலும் அந்நிலையிலிருந்து அவன் விடுபடான் என்றும் கூறுகிறது. பக்தி மரபில் 'தாஸ்' இனிக்கிறது. சாத்திரத்தில் அது விதியாகிறது. கொடுமை என்னும் பொருள் இவ்விரண்டிலும் தோன்றுவதில்லை.

உண்மையான அடிமைகளைக் குறிக்க மராத்தியில் வேறு சொற்கள் வழங்கின. பதினெட்டாம் நூற்றாண்டுப் பேஷ்வா ஆட்சிக்கால ஆவணங்களில் விற்கவும் வாங்கவும் பட்ட பெண்கள் 'குணபீண்', 'படீக்' என்று குறிக்கப்பட்டனர். அப்பெண்கள் அரண்மனைகளிலும் செல்வர் இல்லங்களிலும் உழைத்தனர். சந்தை வழக்கில் இருந்த இச்சொற்கள் மறைநூலின் நடைக்கு ஏற்றனவாகக் கருதப்படவில்லை.

5. புலேயின் சொல் தேர்வு

புலே 1827இல் பிறந்தவர்; புனேயில் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் பயின்றவர்; தாமஸ் பெயினின் நூலால் ஈர்க்கப்பட்டவர்; 1848இல் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கியவர். அமெரிக்காவில் 1865இல் அடிமை முறை அரசியல் சட்டத் திருத்தத்தால் ஒழிக்கப்பட்டது. எட்டாண்டுகளுக்குப் பின் வெளிவந்த 'குலாம்கிரி'யை அவர் நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். தம் நாட்டவரும் அம்முன்மாதிரியைப் பின்பற்றிச் சூத்திரரை விடுவிக்க வேண்டும் என்னும் விருப்பத்தையும் அதில் வெளியிட்டார். ஜோதிராவும் தோண்டிபாவும் உரையாடும் முறையில் நூல் அமைந்துள்ளது. அதே ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் சத்திய சோதக சமாஜம் தொடங்கப்பெற்றது.

தலைப்பை மொழியியல் நோக்கில் காணவேண்டும். 'குலாம்' என்பது சிறுவன் என்னும் பொருளுடைய அரபுச் சொல். பாரசீகத்தின் வழியே அடிமை என்னும் பொருளோடு இந்திய மொழிகளில் புகுந்தது. '-கிரி' என்பது தொழிலையும் நடத்தையையும் குறிக்கும் பாரசீக விகுதி. தமிழர் அறிந்த 'தாதாகிரி' என்னும் சொல்லிலும் அவ்விகுதியே உள்ளது. 'தாஸ்ய' என்னும் வடசொல் கைக்கெட்டும் தொலைவில் இருக்கவும், புலே பேச்சு வழக்கின் கலப்புச் சொல்லையே ஏற்றார். 'தாஸ்ய' என்று எழுதியிருப்பின், தாம் எதிர்த்த சாத்திரத்தின் சொல்லாலேயே அச்சாத்திரத்தை எதிர்க்க வேண்டிய நிலை ஏற்பட்டிருக்கும். வாசகர் செவியில் பக்தியும் விதியும் முதலில் ஒலித்திருக்கும். 'குலாம்கிரி'யிலோ புனிதத்தின் சாயல் சிறிதும் இல்லை. அந்நிலை மனிதர் மனிதர்மீது சுமத்தியது என்பதை அச்சொல்லே அறிவித்துவிடுகிறது. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

புலே விவிலிய வசனங்களை அடுக்கி வாதிடவில்லை என்பதும் கருதத்தக்கது. நீக்ரோக்கள் கடத்தப்பட்டவர்கள், சூத்திரர் வெல்லப்பட்டவர்கள் என்று அவர் வேறுபடுத்துகிறார். மனிதரைத் திருடுவதைத் தடுக்கும் வசனம் முன்னவருக்கு நேரடியாகப் பொருந்தும். பின்னவருக்கு அவ்வளவு எளிதில் பொருந்தாது. எனவே, அவர் வாதம் வசனத்தைவிட, படைத்தவன் முன் மாந்தர் அனைவரும் நிகர் என்னும் கொள்கையையே சார்ந்து நின்றது. இயேசுவை அவர் மராத்தி உழவரின் நினைவில் வாழும் பலிராஜாவின் சாயலில் காண்கிறார். 1890இல் அவர் மறைந்த பின், 1891இல் வெளிவந்த 'சார்வஜனிக சத்திய தர்ம புஸ்தக'த்தில் இறைவனைக் குறிக்க 'நிர்மீக்', அதாவது படைத்தவன், என்னும் சொல்லை ஆள்கிறார். எந்த மறைநூலும் முதலிலிருந்து இறுதிவரை முரணற்ற உண்மையைக் கொண்டதன்று என்னும் கருத்தும் அந்நூலில் இடம்பெறுகிறது. அமெரிக்கப் பூசலை அறிந்த எவருக்கும் இக்கருத்து வியப்பளிக்காது.

புனேக்கு அருகிலுள்ள கேட்காவில் முக்தி இல்லத்தை நடத்திய பண்டித ரமாபாய் வேறொரு வழியை மேற்கொண்டார். வடமொழிப் புலமை மிக்க அவர் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, கல்வியறிவு குறைந்த சிற்றூர்ப் பெண்களுக்கும் விளங்கும் மராத்தியில் விவிலியம் முழுவதையும் பெயர்த்தார். 1922இல் அவர் மறைந்தார். 1924இல் அது நூலாயிற்று. வடமொழியை நன்கறிந்தவரே அதன் சமயச் சாயல் படிந்த சொற்களை விலக்க முயன்றது, புலேயின் சொல்லுணர்வோடு ஒப்பிடத்தக்கது.

6. தமிழ் வடிவங்கள்

தமிழில் இடர்ப்பாடு வேறு வடிவம் கொள்கிறது. 1871இல் நிறைவுற்று இன்றளவும் சீர்திருத்தத் திருச்சபைகளில் பயிலும் மொழிபெயர்ப்பில் 'தூலோஸ்' மூன்றாகப் பிரிகிறது. பவுல் 'ஊழியக்காரன்', எபேசியர் 6இல் விளிக்கப்படுவோர் 'வேலைக்காரர்', ஒநேசிமு 'அடிமை'. தெளிவு கிடைக்கிறது, ஆனால் தொடர்பு அறுகிறது. 'வேலைக்காரர்' என்று படிப்பவர் கூலி பெறுவோரையே எண்ணுவார். அடிமை முறையின் அறம் பற்றிய ஐயம் அவருக்கு எழாது. பவுல் தம்மை அடிமையாக்கிக்கொண்ட துணிவும் புலனாகாது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு எபேசியர் 6இல் 'அடிமைகளே' என்று விளித்து அக்குறையை நீக்கியது. பவுலையோ 'பணியாளன்' என்றே நிறுத்தியது.

'ஊழியம்' என்னும் சொல்லின் வரலாறும் எண்ணத்தக்கது. திருவிதாங்கூரில் அது ஒடுக்கப்பட்ட சாதியார்மீது சுமத்தப்பட்ட கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறித்தது. இன்று தமிழ்க் கிறித்தவர் வழக்கில் அது இறைப்பணியைக் குறிக்கும் உயர்ந்த சொல். 'அடிமை'யும் இவ்வாறே. சுந்தரரை ஆளோலை காட்டி இறைவன் தடுத்தாட்கொண்ட கதையில், மனிதனை விற்கும் ஆவணம் அருளின் சான்றாக மாறுகிறது. கதையின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் தஞ்சைப் பண்ணைகளில் ஆளோலை எழுதிக் கொடுத்தவர்களுக்கு அச்சொல் அருளாக இருந்ததில்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விதித்த பின்னும் பண்ணையாள் முறை நெடுங்காலம் நீடித்தது.

7. முடிவுரை

ஒரே சொல்லால் பெயர்ப்பது மூலத்தின் ஒருமையைக் காக்கிறது. பெறுமொழியில் அச்சொல்லுக்குள்ள பக்திச் சாயலையும் உடன் கொணர்கிறது. பல சொற்களால் பெயர்ப்பது பொருளைத் தெளிவாக்குகிறது. மூலத்தின் அறச் சிக்கலை மறைக்கிறது. இவ்விரண்டில் ஒன்றே சரியானது என்று விதி வகுத்தல் இயலாது. ஆயினும் வாசகரின் மனம் புண்படாதிருக்கும் பொருட்டு அடிமையை வேலைக்காரன் ஆக்கும் மொழிபெயர்ப்பு, மூலநூலை அதன் குற்றத்திலிருந்து விடுவிக்கிறதேயன்றி, அடிமையை விடுவிப்பதில்லை. புலே தம் நூலுக்குக் கடுமையான சொல்லைத் தலைப்பாக்கியதன் பயன் இதனால் விளங்கும். பெயர் மென்மையாகும் இடத்தில் கொடுமை கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. மறைநூலைப் பெயர்ப்போர் 'தூலோஸ்' போன்ற சொற்களை எதிர்கொள்ளும்போது, அகராதியோடு அச்சொல்லால் அழைக்கப்பட்ட மக்களின் வரலாற்றையும் கற்பது இன்றியமையாததாகும்.