மலையகத் தமிழரும் இரசாயனக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்தில் விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்பட்ட வரலாறு பேசப்படும்போதெல்லாம் மானிப்பாய் பெருமையுடன் நினைவுகூரப்படுகின்றது. அப்பெருமை தகுதியானதே. ஆயின், அதே காலத்தில் ஊவாவின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரை அவ்வரலாறு எவ்வளவு தூரம் தழுவிற்று என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இரசாயனம் என்னும் ஒரு பாடத்தைக் கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டிலேயே மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1864 முதல் அக்கல்வி தமிழிலேயே நடைபெற்றது. அதன் பொருட்டு அவரும் அவர்தம் மாணவரும் ஆக்கிய நூல்களுள் ஒன்றே 1875 இல் வெளிவந்த ‘கெமிஸ்தம்’. பின்னர், 1936 இல் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டிற்கு ஈழத்தவரான சுவாமி விபுலாநந்தர் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் ‘கலைச்சொற்கள்’ 1938 இல் வெளியாயிற்று. சுதந்திரத்தின் பின் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழகத்தார் தனிமம், சேர்மம் என்பவற்றை நாம் மூலகம், சேர்வை என்கின்றோம். சொற்கள் வேறுபடினும் இரு மரபுகளும் பாடத்தை நடத்தப் போதியனவாகவே வளர்ந்தன. எனவே, தமிழில் இரசாயனம் கற்பிக்க இயலாது என்னும் வாதம் நெடுங்காலத்துக்கு முன்னரே வலுவிழந்துவிட்டது.

இனி, ஊவாவை நோக்குவோம். ‘கெமிஸ்தம்’ வெளிவந்தபோது இங்கு கோப்பியே ஆட்சி செலுத்தியது. 1869 இல் மடுல்சீமையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. பயிர் மாறியும் தொழிலாளரின் பிள்ளைகளுடைய நிலை மாறவில்லை. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. இரசாயனத்தின் அடிப்படைகள் இடைநிலை வகுப்புகளிலேயே தொடங்குகின்றன என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். பாடம் தொடங்கும் வயதில் பிள்ளைக்குப் பாடசாலை முடிந்துவிட்டது. 1945 இல் நாடெங்கும் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் புறத்தே நின்றன. 1970களின் பிற்பகுதியிலேயே அவற்றை அரசு பெருமளவிற் பொறுப்பேற்றது. ‘கெமிஸ்தம்’ அச்சேறி அப்போது ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது.

இதிலுள்ள முரண் யாதெனில், இப்பிள்ளைகளின் பெற்றோர் நாள்தோறும் ஓர் இரசாயன மாற்றத்தினிடையே உழைத்தமையாகும். தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டி உருட்டப்பட்டபின் பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் பெறுகின்றது. இதனை நொதித்தல் என்றே வழங்கி வந்தனர். உண்மையில், நுண்ணங்கிகள் வெல்லத்தைச் சிதைக்கும் நொதித்தல் அன்று இது. இலையின் கலங்கள் நசுங்கும்போது வெளிப்படும் நொதியத்தின் துணையுடன் இலையிலுள்ள பொருள்கள் வளியின் ஒட்சிசனோடு தாக்கமுறும் ஒட்சியேற்றமே இது. தந்தையின் தொழிலைக் கொண்டே ஒட்சியேற்றத்தை விளக்கத்தக்க வகுப்பறை வேறெங்கும் எளிதிற் கிடையாது. அந்த வகுப்பறைதான் இருக்கவில்லை.

இக்குறை பாடநூலோடு நிற்பதன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர்தப்பிய பிள்ளைகள் பெற்றோரை இழந்தனர். மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகின்றது. அவ்வமிலம் பாறையிலுள்ள பெல்சுப்பார் என்னும் கனிப்பொருளைக் காலப்போக்கிற் களியாக மாற்றுகின்றது. இவ்வாறு உருவான தடித்த மண்படை பெருமழையில் நீரேறி வலுவிழக்கும்போது சரிவு நேர்கின்றது. அமிலமும் உப்பும் கற்கும் மாணவனுக்கு எட்டாத செய்தி இதில் எதுவுமில்லை.

இவ்வறிவு இருந்திருப்பின் அம்மக்கள் தப்பியிருப்பர் என்று கூறுதல் நேர்மையாகாது. அவ்விடம் ஆபத்தானதெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. குடிபெயரச் சொந்தமாக ஓர் அடி நிலமேனும் அற்றவர்க்கு எச்சரிக்கை மட்டும் என் செய்யும்? ஆயினும், மண் ஏன் சரிகின்றது என்பதை அறிந்தவன் அவ்வெச்சரிக்கையைத் தன் மொழியில் வாசித்து, அதனைச் சான்றாகக் காட்டி, மாற்று நிலம் கேட்டு வாதாட வல்லவனாவான். வேறெவரும் தனக்காகப் பேசும்வரை அவன் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே, மலையகத்தில் இரசாயனக் கல்வி பின்தங்கியமைக்கு மொழியையோ மாணவரின் ஆற்றலையோ காரணங் கூறுதல் தவறாகும். சொற்கள் இருந்தன, அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் அனுப்பப்படவில்லை. தோட்டப் பாடசாலைகள் பல இன்றும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடுகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் நாம் காட்டிய ஊக்கத்தை, விஞ்ஞான ஆசிரியர்களை ஊவாவின் மலைச்சரிவுகளுக்கு அனுப்புவதிலும் காட்டுவோமாயின், கிறீன் தொடங்கிய பணி தமிழர் அனைவருக்கும் உரியதாகும்.