பூட்டனாரின் பிறப்புப் பத்திரம்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்ட லயங்களில் பெரியவர்களின் தகரப் பெட்டியைத் திறந்தால், சேலைக்கும் வேட்டிக்கும் அடியில் ஒரு கடதாசிக் கட்டு இருக்கும். பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, மடிப்பில் கிழிந்த பிறப்புப் பத்திரம், எதற்கென்று மறந்துபோன ஒரு துண்டு. சட்டம் எதன்மேல் நிற்கிறது என்ற கேள்வியை எனக்கு முதலில் போட்டது இந்தக் கட்டுதான். நூல்கள் பிறகுதான் வந்தன.

ஒரு சட்டம் ஏன் செல்லும் என்று கேட்டால் அதற்கு மேலுள்ள அரசியல் யாப்பைக் காட்டுவோம். யாப்புக்கு மேல்? அங்கே ஓர் அடிப்படை நெறி இருப்பதாக வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை என்றார் சட்டத் தத்துவஞானி கெல்சன். நீதிபதிகளும் அதிகாரிகளும் எதைச் சட்டமென்று ஏற்று நடக்கிறார்களோ அந்த நடைமுறைதான் அடித்தளம் என்றார் இன்னொரு சட்டத் தத்துவஞானி ஹார்ட். இருவரையும் படித்து முடித்த மலையகத்தானுக்கு ஒரு கேள்வி மிஞ்சும்: யாப்புக்கு உரிய 'மக்கள்' யாரென்று தீர்மானிப்பது யார்?

1947 தேர்தலில் இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள், நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமான். அதே பாராளுமன்றம்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை இயற்றியது. வம்சாவழிப் பிரஜையாக இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் தந்தைவழிப் பாட்டனார், பூட்டனார் இருவரும். பதிவுக்கென்று 1949இல் ஒரு வாசல் திறந்தார்கள். வதிவிடத்தை நிரூபித்தவருக்கே அது. அவ்வருடமே 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. வாக்கால் அமைந்த சபை தன் வாக்காளரையே வெட்டிவிட்டது. 1952இல் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட காங்கிரசுக்கு மிஞ்சவில்லை.

அன்றைய யாப்பில் காவல் இல்லாமலில்லை. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் இடையூறு விதிக்கும் சட்டம் செல்லாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு, வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடாக்கன்பிள்ளை என்பவர் வழக்காடினார். உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் பிரஜைகள் யாரென்று வகுப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான வேலை என்பது அதன் நியாயம். சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் பொது. ஆனால் அந்த மழை எந்தக் கூரையில் பெய்தது? லயத்தின் தகரக் கூரையில்தான். அதைப் பார்க்க மறுத்ததே அத்தீர்ப்பின் பிழை என்பேன்.

இன்னொரு வேடிக்கை. 1964இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில், அதே கவுன்சில் அதே 29ஆம் பிரிவை மாற்றவொண்ணாதது என்று போற்றியது. இலங்கைப் பிரஜைகளுக்கிடையிலான உரிமைச் சமநிலையாம் அது! பிரஜை அல்லாதவர் அந்தத் தராசில் ஏறவே இல்லை. 1972 குடியரசு யாப்பு அப்பிரிவையும் கைவிட்டது.

இதற்கிடையே, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இலங்கை, இந்தியா என இரு நாடுகளுக்கும் பங்குவைக்கத் தொடங்கியது. கடைசிக் கணக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் தீர்ந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வாரிசுகளும் பிரஜைகள் என்றது அது. பூட்டனாரின் பிறப்புப் பத்திரத்தை அது கேட்கவில்லை.