மிஸிஸிப்பிப் படகுகளின் சீட்டாட்டம்

பருத்தி மூட்டைகளையும் வியாபாரிகளையும் ஏற்றிக்கொண்டு மிஸிஸிப்பி நதியில் மேலும் கீழுமாகச் சென்றுவந்த நீராவிப் படகுகளில், பிரயாணத்தின் சலிப்பைப் போக்குவதற்கென்று தொடங்கிப் பலருடைய மடியைக் காலிசெய்து முடிந்த ஓர் ஆட்டமே இன்று போக்கர் என்று உலகப் பிரசித்தி பெற்றிருக்கிறது. 1829-ல் நியூ ஆர்லியன்ஸுக்குப் படகேறிய ஜோ கவல் என்ற ஆங்கில நடிகர், வழியில் தாம் கண்ட ஆட்டத்தைத் தமது நினைவுக் குறிப்புகளில் வர்ணித்திருக்கிறார்.

அக்காலத்துக் கட்டில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து ஆகியவை மட்டும் கொண்ட 20 சீட்டுகளே உண்டு. நால்வருக்கு ஐந்தைந்தாகப் பங்கிட்டால் கட்டுத் தீர்ந்துவிடும். நான்கு ராஜாக்களோடு ஓர் ஏஸும் ஒருவன் கையில் சேர்ந்துவிட்டால், நான்கு ஏஸ் வேறொருவனிடம் இருக்க வழியில்லையாதலால், அவன் வீட்டையே பணயம் வைத்தாலும் தோற்கமாட்டான். இத்தகைய நிச்சயத்துக்கு இடமிருந்த ஆட்டத்தில், யுக்தியைவிடச் சீட்டைக் கலைப்பவனின் கைச்சாமர்த்தியமே அதிகம் சம்பாதித்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

நூற்றாண்டின் மத்தியில் 52 சீட்டுகள் கொண்ட முழுக்கட்டு வழக்கத்துக்கு வந்து, வேண்டாத சீட்டுகளைக் கழித்துப் புதியவை வாங்கும் உரிமையும் சேர்ந்தபோது ஆட்டத்தின் சுபாவமே மாறியது. ஐந்து சீட்டுகள் சேரக்கூடிய விதங்கள் 15,504-லிருந்து 25,98,960 ஆகப் பெருகின. எதிரி எத்தனை சீட்டு மாற்றினான் என்பதைக் கொண்டே அவன் கையை ஊகிக்கும் வித்தையும் பிறந்தது. ஒரே ஒரு சீட்டை மாற்றுகிறவன் இரண்டு ஜோடி வைத்திருக்கலாம். ஓரினத்துச் சீட்டு நான்கை வைத்துக்கொண்டு ஐந்தாவதற்கு ஏங்கவும் செய்யலாம்.

லண்டனில் அமெரிக்கத் தூதராயிருந்த ஜெனரல் ராபர்ட் ஷெங்க் இங்கிலாந்து நண்பர்களுக்காக இதன் விதிகளை எழுதிக்கொடுக்க, அவை அச்சேறின. வெள்ளிச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் விவகாரத்தில் பெயர் கெட்டு 1876-ல் அவர் பதவி துறக்க நேர்ந்தது வேறு கதை.

வெறுங்கையோடு துணிந்து பந்தயத்தை உயர்த்தும் பாசாங்கு வெறும் போக்கிரித்தனமன்று என்பதை, ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை, ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் 1944-ல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டே காட்டினார். பாசாங்குக்கு ஏற்றது நடுத்தரமான கையன்று, மிக மட்டமான கையே என்றது அக்கணக்கு. நடுத்தரக் கைக்குச் சீட்டைத் திறந்து காட்டியே ஜயிக்கும் வாய்ப்பு இருக்கிறது, மட்டமான கைக்கோ எதிரி பயந்து விலகினாலொழியக் காசு கிடைப்பதில்லை.